கையில்லாத ஆள், ஆளில்லாத கை

அமைதி மீட்டருக்கு நாலாயிரத்து இருநூறு. வரி தனி. அரை கிலோமீட்டருக்கு மேல் எடுப்பவர்கள் பேசிக் குறைத்துக்கொள்ளலாம்.

வழவழப்பான தாளில் அச்சாகியிருந்த அந்த விலையைச் சில்லறை நின்ற இடத்திலேயே இரண்டு முறை படித்தான்.

"காத்தை வித்தவனைப் பார்த்திருக்கேன் மேடம். தண்ணியை வித்தவனைப் பார்த்திருக்கேன். சத்தம் இல்லாததை மீட்டர் போட்டு விக்கிறவனை இப்பதான் பார்க்கறேன். அளக்கும்போது இழுத்துப் பிடிச்சு அளப்பானா, தளர விட்டு அளப்பானா?"

"கடைசிப் பக்கத்தைப் பாரு" என்றார் தராசு.

சில்லறைக்கு வயது நாற்பத்தைந்து. ஏலக்கடையில் கூவிக் காலம் தள்ளியவன். கால் உடைந்த கட்டில் முதல் கடனில் மூழ்கிய வீடு வரை, அவன் 'ஒரு தரம், ரெண்டு தரம்' என்று ஆரம்பித்தால் எதிரில் நிற்பவன் கை தானாக மேலே போகும். தொண்டை கெட்டதும் துப்பறியும் வேலைக்கு வந்தான். தொண்டைதான் கெட்டதே தவிர வாய் அடங்கவில்லை. தராசு ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. ஆயுள் காப்பீட்டுக் கம்பெனியில், செத்தவர்கள் நிஜமாகவே செத்தவர்கள்தானா என்று பார்த்துச் சொல்லும் வேலையில் இருந்தவர். யார் எதைச் சொன்னாலும் தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்பார். எடை போட்டு முடித்ததும் தலை நேராகும். பட்டப்பெயர் வந்த கதை அவ்வளவுதான்.

கடைசிப் பக்கத்தில் கறுப்புக் கட்டத்துக்குள் ஒரு பெண்ணின் படம். முப்பத்தைந்து வயதிருக்கும். சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே கொட்டை எழுத்தில், 'தான் படைத்த அமைதியாலேயே உயிர் நீத்தவர்.' அதற்கும் கீழே ஆர்டர் கொடுக்க வேண்டிய தொலைபேசி எண்.

"இந்தப் பக்கத்தைச் சேர்த்ததுக்கப்புறம் ஆர்டர் மூணு மடங்கு ஆயிருக்கு" என்றார் தராசு.

"சாவையே சாம்பிளாக் காட்டியிருக்கான்."

படத்தில் இருந்தவள்தான் சரக்கைக் கண்டுபிடித்தவள். ரப்பர் மரத்துப் பாலையும் ஆமணக்கெண்ணெயையும் தக்கைத் தூளையும் சேர்த்துப் பதமாக வேகவைத்து, பழுப்பு நிறத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திண்டு. தண்டவாளத்துக்கும் அதைத் தாங்கும் கட்டைக்கும் நடுவே செருகிவிட்டால், வண்டி போகும்போது எழும் அதிர்வை அது வாங்கி விழுங்கிக்கொள்ளும். பக்கத்து வீட்டுச் சுவர் நடுங்காது, சன்னல் கிடுகிடுக்காது. பெட்ரோலியத்தில் இருந்து எடுக்கும் ரப்பரே வேண்டாம், செடியும் மரமும் போதும் என்று நிரூபிக்க அவள் ஆறு வருடம் அடுப்படியும் ஆய்வுக்கூடமுமாக அலைந்தாள். புருஷன் ரயில் ஓட்டுநர். "அவர் ஊரை எழுப்பறார், நான் தூங்க வைக்கிறேன்" என்று சொல்லிச் சிரிப்பாளாம்.

போன மாதம், அந்தத் திண்டுகளைப் பதித்துப் பரீட்சை பார்த்த பாதையிலேயே, அந்தப் புருஷன் ஓட்டி வந்த வண்டியிலேயே அடிபட்டுச் செத்தாள்.

திண்டுக் கம்பெனி முதலாளி போலீசில் கொடுத்த வாக்குமூலம் இது. 'நான் கூடவே இருந்தேன். அவர் காதடைப்பான் போட்டுக் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார். திண்டு இருந்ததால் தரை துளியும் அதிரவில்லை. ஓட்டுநர் ஹார்ன் அடிக்கவில்லை. புருஷன் பெண்டாட்டிக்குள் ஏற்கெனவே சண்டை.'

ஒரே வாக்குமூலத்தில் புருஷனுக்கு விலங்கு, திண்டுக்கு விளம்பரம். ஹார்ன் அடித்ததைப் பதிவு செய்ய வேண்டிய கருவி அந்தப் பழைய எஞ்சினில் எப்போதோ செத்துப்போயிருந்தது. நாளைக் காலை ஓட்டுநரைக் கோர்ட்டில் நிறுத்துகிறார்கள். மனைவியை வண்டி ஏற்றிக் கொன்றவன் என்று.

தராசைத் தேடி வந்து வேலை கொடுத்தது ஓட்டுநரின் மாமியார். செத்தவளின் அம்மா. அவர் கேட்டது நியாயத்தை அல்ல.

"அவன் தொங்கணும். அதுக்கு என்ன சாட்சி வேணுமோ தேடிக் கொடுங்க" என்றார்.

"பொண்ணைப் பறிகொடுத்தவங்க, கூடவே மாப்பிள்ளையையும் சேர்த்து அனுப்பப் பார்க்கறாங்க" என்று சில்லறை அப்போதே முணுமுணுத்தான்.

கோர்ட்டுக்காகச் சிறையில் இருந்து கொண்டுவந்து லாக்கப்பில் வைத்திருந்த ஓட்டுநரை நேற்று பார்த்தார்கள். பேசிப் பேசி வாய் காய்ந்திருந்தான்.

"மூணு தரம் ஹார்ன் அடிச்சேன் மேடம். பிரேக் போட்டேன். அவ்வளவு பெரிய வண்டி உடனே எங்க நிக்கும்? சுவரோரமா ஒரு கிழவன் நின்னான். வெள்ளைத்தாடி. கழுத்துலேர்ந்து முழங்கால் வரைக்கும் வெள்ளை அங்கி. அவனுக்குக் கையே இல்ல. பக்கத்துல இவ. அப்ப சுவத்துக்குள்ளேர்ந்து ஒரு கை தனியா வந்துச்சு. தள்ளிருச்சு."

கம்பிக்கு இந்தப் பக்கம் நின்ற ஏட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "கையில்லாத ஆள் ஒருத்தன், ஆளில்லாத கை ஒண்ணு. ரெண்டையும் ஒட்டி வெச்சா ஒரு முழுக் குற்றவாளி கிடைப்பான் சார்!"

ஓட்டுநர் அதைக் காதில் வாங்கவில்லை. சட்டைப்பையில் இருந்து ஒரு ஜோடி காதடைப்பானை எடுத்துக் காட்டினான். நூலில் கோத்த பழுப்பு நிறக் குமிழ்கள் இரண்டு. "திண்டு செய்யற சரக்குலயே செஞ்சா. எனக்கு ஒண்ணு, அவளுக்கு ஒண்ணு. வேற யார்கிட்டயும் கிடையாது. முதலாளி சொல்றது எல்லாம் பொய் மேடம். ஆனா அவ காதை அடைச்சிருந்தா, தரையும் அதிரலைன்னு சொல்றாரே, அது ஒண்ணு மட்டும் நிஜமா இருக்கட்டும். நான் வர்றது அவளுக்குத் தெரியாமலே போயிருக்கட்டும். அந்த நினைப்புலதான் கண்ணை மூடறேன்."

தராசின் தலை சாய்ந்தது. நேராகவில்லை.

இப்போது அவர்கள் நின்றது விபத்து நடந்த அந்தத் தெருமுனையில். ஒரே வரிசையாக இருபத்து மூன்று வீடுகள். முன்னால் தெரு, பின்னால் தண்டவாளம். பின்சுவருக்கும் பாதைக்கும் இடையில், ஒரு ஆள் முதுகை ஒட்டி நிற்க மட்டும் இடம். விபத்துக்குப் பிறகு வண்டிகள் இங்கே நடைவேகத்தில்தான் போக வேண்டும் என்று உத்தரவு. அதனால் சத்தமும் அதிர்வும் முன்பு எப்படி இருந்தன என்று இப்போது யாரும் காது கொடுத்துக் கண்டுபிடிக்க முடியாது. தெருக்காரர்கள் வாயைத்தான் நம்ப வேண்டும்.

முதல் வீட்டில் ஒரு அம்மா துணி உலர்த்திக்கொண்டிருந்தார்.

"அக்கா, இந்தத் தெருவுல வெள்ளைத்தாடி வெச்ச பெரியவர் யாராவது..."

"எங்க தெருவுல தாடியே கிடையாதுங்க. எல்லாரும் டீசன்ட்டான ஆளுங்க."

"போன மாசம் ஹார்ன் சத்தம் கேட்டுச்சா?"

"ஹார்னா? எங்களுக்கு வண்டிச் சத்தமே கேட்காதே! குழந்தை மாதிரி தூங்கறோம். நீங்க வீடு வாங்க வந்தவங்களா?"

இரண்டாவது வீட்டிலும் குழந்தை மாதிரிதான் தூங்கினார்கள். ஐந்தாவது வீட்டில் அதைச் சொன்னவருக்குக் கண்ணுக்குக் கீழே இரண்டு பைகள் தொங்கின. ஒன்பதாவது வீட்டில் அம்மா சொல்லி முடிக்குமுன், மகள் கொட்டாவி விட்டாள். அம்மா முழங்கையால் அவள் விலாவில் ஒரு இடி கொடுத்தாள்.

"என்ன மேடம், ஒரே ரிக்கார்டைப் போட்டு விட்ட மாதிரி?" என்றான் சில்லறை.

"வாசல்ல என்ன தொங்குதுன்னு பாத்தியா?"

பார்த்தான். 'வீடு விற்பனைக்கு.' அடுத்த வாசலிலும் அதே. அதற்கடுத்ததிலும்.

"திண்டு போட்டதும் இந்தத் தெருவுல வீட்டு விலை ரெண்டு மடங்கு ஆச்சு" என்றார் தராசு. "இவ்வளவு சுகமாத் தூக்கம் வர்ற தெருவை விட்டு எல்லாரும் ஏன் ஓடப் பார்க்கறாங்க?"

"சரக்கு அழுகறதுக்குள்ள தள்ளிவிடணும். ஏலக்கடையில தினமும் பார்த்ததுதான்." சில்லறை தன் முகவாயைத் தடவினான். "ஒருத்தன் ஹார்ன் கேட்டுச்சுன்னு சொன்னா, இருபத்து மூணு வீட்டு விலையும் சேர்ந்து விழும். ஒரு ஓட்டுநர் உள்ள போனா யாருக்கு என்ன நஷ்டம்? மேடம், கடைசியில ஒரு சலூன் தெரியுது. மூணு நாள் தாடி. பொய்யையே கேட்டுட்டு இருக்கறதுக்கு, கேட்டுக்கிட்டே ஒரு வேலையாவது முடியட்டும்."

இருபத்து மூன்றாவது வீடுதான் சலூன், ஒரே நாற்காலிக் கடை. முன்னால் தெருவுக்கு ஒரு கதவு, பின்னால் தண்டவாளத்துக்கு ஒரு கதவு. இரண்டும் திறந்திருந்தன. சலூன்காரருக்கு வயது ஐம்பது. விரல்களுக்கு மட்டும் இருபது. வரவேற்பில் குறை வைக்கவில்லை.

"வாங்கண்ணே, உட்காருங்க. அம்மா, அந்த ஸ்டூல்ல உட்காருங்க. முடியா, தாடியா?"

"தாடி. முடி தானாவே போயிட்டிருக்கு. அதுக்கு எதுக்குக் கூலி?"

சலூன்காரர் ரசித்துச் சிரித்தார். வெள்ளைத் துணியை உதறிச் சில்லறையின் கழுத்தில் கட்டினார். நுரையைக் குழைத்துக் கன்னம் முழுக்கப் பூசினார். கையோடு பேச்சும் ஓடியது.

"பழைய ஊர்ல மூணு நாற்காலிக் கடை வெச்சிருந்தேம்மா. அதை வித்து, சம்சாரத்தோட நகையையும் வித்து, இதை வாங்கினேன். திண்டு போட்டு முடிச்ச அடுத்த மாசமே. நம்ம தொழிலுக்குத் தரை நடுங்கக் கூடாதுல்ல?"

"அதுக்கு முன்னாடி ரயில் பக்கத்துல கடை வெச்ச பழக்கமே இல்லையா?" என்று கேட்டார் தராசு.

"எனக்கு என்ன கிறுக்கா? கத்தி பிடிக்கிறவன் நடுங்கற தரையில நிப்பானா? இங்க பூ மாதிரி இருக்கும். வண்டி போறதே தெரியாது."

சில்லறை கண்ணாடியில் தன்னைப் பார்த்தான். "மேடம், ரெண்டு நிமிஷத்துல எங்கப்பா ஆயிட்டேன். வெள்ளைத்தாடி, வெள்ளை அங்கி. மூக்கு அரிக்குது, சொறிய நினைச்சா கை..."

நிறுத்தினான். துணிக்கு உள்ளே இருந்த அவன் கைகள் அசையவில்லை. கண்ணாடிக்குள் அவன் கண்ணும் தராசின் கண்ணும் சந்தித்தன.

கையில்லாத கிழவன் அங்கே நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

சலூன்காரர் கத்தியைத் தீட்டிக்கொண்டு குனிந்தார். ஒரு கன்னம் முடிந்தது. கத்தி தாடைக்குக் கீழே இறங்கியது. பேச்சு வீட்டு வரியைப் பற்றி ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று கத்தி பிடித்த கை சாண் உயரம் மேலே போய் அந்தரத்தில் நின்றது. பேச்சு நிற்கவில்லை. கை மட்டும் நின்றது. ஒரு மூச்சு கழித்துத்தான் பின்கதவுக்கு வெளியே வண்டி ஊர்ந்து வந்தது. மெதுவாக, முனகிக்கொண்டு, கடைசிப் பெட்டியும் கடந்தது. கை தானாகக் கீழே இறங்கி விட்ட இடத்தில் தொடர்ந்தது. கை போனதும் வந்ததும் அவருக்கே தெரிந்ததாகக் காணோம்.

தராசின் தலை மெல்ல நேரானது.

வாய் பூ என்றது. கை முள் என்றது. இந்த மனிதர் திண்டு போட்ட பிறகு வந்தவர். ரயில் ஓரத்தில் கத்தி பிடித்த பழக்கம் முன்பு கிடையாது. அப்படியானால் வண்டி வந்தால் கழுத்தில் இருந்து கத்தியை எடுக்க வேண்டும் என்பதை அந்தக் கை எங்கே கற்றது? இங்கேதான். இந்த 'அமைதி'யில்தான். எத்தனை பேர் காதும் கன்னமும் அறுபட்டுக் கற்றதோ.

கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு ஆணி. அதில் நூலில் கோத்த பழுப்புக் குமிழ்கள் இரண்டு தொங்கின.

"கொஞ்சம் காத்து வாங்கிட்டு வரேன்" என்று தராசு பின்கதவு வழியாக வெளியே போனார்.

குடையின் நுனியால் தண்டவாளத்துக்கு அடியில் குத்திப் பார்த்தார். திண்டு இருக்க வேண்டிய இடத்தில் கொறித்த தூள். அடுத்ததிலும் தூள். மூன்றாவதில் பாதித் திண்டு, பல்வரிசையோடு. சுற்றிலும் எலிப்புழுக்கை. ஒரு துண்டை எடுத்து முகர்ந்தார். புண்ணாக்கு வாசனை. ஆய்வுக்கூடத்தில் அவள் போட்டது தக்கைத் தூள். தொழிற்சாலையில் முதலாளி போட்டது அதைவிட மலிவாகக் கிடைத்த புண்ணாக்குத் தூள். ஆறு வருட உழைப்பை எலிகள் இரண்டே மாதத்தில் சாப்பிட்டு முடித்திருந்தன.

தராசு திரும்பி வந்து வாசற்படியிலேயே நின்றார்.

"அன்னிக்கு இந்த நாற்காலியில முதலாளிதானே உட்கார்ந்திருந்தார்?"

கத்தி சில்லறையின் தொண்டைக்குழியில் நின்றது.

"யாரும்மா நீங்க?"

"வீடு வாங்க வந்தவ இல்லை."

"அப்ப கதவைச் சாத்திட்டு உள்ள வாங்க" என்றார் சலூன்காரர். குரலில் பழைய மரியாதை அப்படியே இருந்தது. இடது கை சில்லறையின் தலையைப் பின்னால் சாய்த்துப் பிடித்தது. "சத்தம் போட்டா அண்ணனுக்குத்தான் கஷ்டம்."

"மேடம்" என்றான் சில்லறை, உதடு மட்டும் அசைய. "பேரத்தைக் கொஞ்சம் விட்டுக் கொடுத்தே பேசுங்க. கழுத்து என்னோடது."

தராசு உள்ளே ஒரு அடி வைத்தார். கதவைச் சாத்தவில்லை. திறந்த கதவு வழியாக, பாதையின் கோடியில் இருந்த சிக்னல் கம்பம் அவர் கண்ணுக்குத் தெரிந்தது. சிவப்பு.

"அவ உங்க கடைக்குள்ள வந்தா. பேசறதுக்காகக் காதடைப்பானைக் கழட்டி அந்த ஆணியில மாட்டினா. நீங்க முதலாளிக்குச் சவரம் பண்ணிட்டு இருந்தீங்க. ஒரு வண்டி போச்சு. உங்க கை மேல போச்சு. நான் பார்த்ததையேதான் அவளும் பார்த்தா."

சலூன்காரர் குனிந்து தன் கையைப் பார்த்தார்.

"'ஏன் கத்தியை எடுத்தீங்க'ன்னு கேட்டிருப்பா."

"கேட்டா" என்றார் சலூன்காரர். "சிரிச்சுக்கிட்டேதான் கேட்டா. அப்புறம் சிரிப்பு போயிடுச்சு. 'திண்டு போச்சு, நாளைக்கே ரயில்வேக்கு எழுதறேன், எல்லாத்தையும் பிடுங்கணும்'னா. எனக்கு மறுநாள் கடையை விக்கற பத்திரம்மா! வாங்கறவன் அட்வான்ஸ் கொடுத்துட்டுப் போயிருந்தான். ஒரு நாள், ஒரே ஒரு நாள் பொறுத்துக்கோம்மான்னு கையைப் பிடிச்சுக் கேட்டேன். 'நான் பொய்யை விக்கிறவ இல்லை'ன்னா. நான் மட்டும் என்ன, நிஜத்தையா வாங்கினேன்?"

சிக்னல் பச்சைக்கு மாறியது. தராசு கண்ணை எடுத்துக்கொண்டார்.

"அதுக்கப்புறம்?"

"சாட்சிக்கு ஒரு திண்டை எடுத்துட்டு வரேன்னு வெளிய போனா. அடுத்த வண்டி வந்துச்சு. தரை நடுங்கினதுமே எழுந்து சுவரோரம் ஒதுங்கிட்டா, கெட்டிக்காரி. முதலாளி துணியும் நுரையுமா அவ பின்னாடியே ஓடி, பக்கத்துல நின்னு கெஞ்சிக்கிட்டிருந்தாரு."

"நீங்க?"

"வாசற்படியில நின்னேன்."

"உடம்பு உள்ள. கை மட்டும் வெளிய."

கத்தி ஒரு நூல் அளவு அழுந்தியது. நுரையில் ஒரு சிவப்புக் கோடு ஓடியது. சில்லறை எச்சில் விழுங்கக்கூடத் துணியவில்லை.

"முதலாளி பார்த்தார். ஆனா போலீஸ்ல உங்களைச் சொல்லலை" என்றார் தராசு.

"எப்படிச் சொல்வாரு? நான் வாயைத் திறந்தா புண்ணாக்கு வெளிய வரும். அவர் வாயைத் திறந்தா நான் வெளிய வருவேன். ரெண்டு பேரும் அமைதியா இருந்துட்டோம்."

"ஓட்டுநர் ஹார்ன் அடிச்சாரா?"

அந்தக் கேள்விக்குச் சலூன்காரர் யோசிக்கவே இல்லை. தொழில் விஷயம் கேட்ட மாதிரி பதில் வந்தது.

"மூணு தரம். காது கிழிஞ்சுது. தெருவே வெளிய வந்து பார்த்துச்சே. நீங்க இவ்வளவு தெரிஞ்சுக்கிட்டது உங்களுக்கும் நல்லதில்லை, அண்ணனுக்கும்..."

கை மேலே போனது.

அவர் போகச் சொல்லவில்லை. முகத்தில் அந்தக் கொலைவெறி அப்படியே இருந்தது. ஆனால் காலுக்கு அடியில் தரை ஏதோ சொன்னது, கை கேட்டுக்கொண்டது. சாண் உயரம். அது போதும். சில்லறை நாற்காலியில் இருந்து மூட்டை சரிவதுபோல் தரைக்கு வழுக்கினான். தராசின் குடைக்காம்பு மணிக்கட்டில் விழுந்தது. கத்தி எகிறிப் பவுடர் டப்பாவில் மோதியது. வண்டி பின்கதவைத் தாண்டி ஊர்ந்து முடிவதற்குள், கழுத்தில் கட்டியிருந்த அதே வெள்ளைத் துணியால் சலூன்காரரின் இரண்டு கைகளும் முதுகுக்குப் பின்னால் கட்டப்பட்டிருந்தன. அவர் மேல் சில்லறை உட்கார்ந்திருந்தான். பாதிக் கன்னம் வழவழப்பு, பாதிக் கன்னம் நுரை.

"ஒரு தரம், ரெண்டு தரம்னு என் கழுத்து போயிட்டே இருந்துச்சு மேடம். நல்லவேளை, மூணாவது தரம் சொல்றதுக்குள்ள ரயில் வந்து ஏலத்தைக் கலைச்சுது."

சலூன்காரர் தரையில் கன்னத்தை வைத்தபடி முனகினார். "இந்தக் கை... இந்தக் கைதான்..."

"ஆமா. நீங்க வெச்சிருந்ததுலயே உண்மை பேசினது அது ஒண்ணுதான்" என்றார் தராசு. ஆணியில் இருந்த காதடைப்பானைக் கழற்றினார். "இதை ஏன் தூக்கிப் போடலை?"

"சாவு விழுந்ததும் வாங்க வந்தவன் ஓடிட்டான், இங்கயே கிடக்கேன். தூக்கம் வரலையேம்மா. ராத்திரி வண்டி ஊர்ந்து போனாலும் சத்தம் தாங்கலை. இதைப் போட்டாத்தான் கொஞ்சம்..."

சில்லறை எழுந்து போய் முகத்தைக் கழுவினான்.

முதலாளியைப் போலீஸ் அன்று மாலையே கூட்டி வந்தது. அவர் மறுக்கவில்லை, பேரம் பேசினார். "நான் தள்ளலை சார். என் ரெண்டு கையும் துணிக்குள்ள இருந்துச்சு. ஓட்டுநரே அப்படித்தானே சொல்லியிருக்காரு?" என்றார். ஒரு மாதமாகப் பைத்தியக்காரப் பேச்சு என்று சொல்லிக்கொண்டிருந்த வாக்குமூலத்தை இப்போது தன் பக்கத்துச் சாட்சியாக எடுத்துக்கொண்டார். ஏட்டு இந்த முறை சிரிக்கவில்லை.

இனி மிச்சம் இருந்தது ஒன்றுதான். ஹார்ன் அடித்ததற்கு நல்ல சாட்சி. கொலைகாரன் சொன்னது மட்டும் போதுமா என்று கோர்ட்டில் கேட்பார்கள். தராசும் சில்லறையும் மறுபடி வீடு வீடாக ஏறினார்கள். சலூன்காரரை விலங்கோடு நடத்திக்கொண்டு போனதைத் தெருவே பார்த்திருந்தது. முதல் வீட்டு அம்மா உலர்ந்த துணியை மடித்துக்கொண்டிருந்தார்.

"இப்பவாவது சொல்லுங்கக்கா. ஹார்ன் கேட்டுச்சா?"

"எங்களுக்கு எதுவும் கேட்காதுங்க. குழந்தை மாதிரி தூங்கறோம்."

"அது பட்டப்பகல்ல நடந்ததுக்கா."

"பகல்லயும் தூங்குவோம்."

கதவு சாத்திக்கொண்டது. அப்புறம் வரிசையாக எல்லாக் கதவும்.

போலீஸ் நிலைய வராந்தாவில் மாமியார் காத்திருந்தார். நடந்ததை எல்லாம் தராசு சொல்லி முடிக்கும்வரை அசையாமல் கேட்டார். முகத்தில் நிம்மதி வரவில்லை. கையில் இருந்ததைப் பிடுங்கிக்கொண்ட மாதிரி விழித்தார்.

"அப்ப இவன் இல்லையா?" என்றார். "இவனைத் திட்டிக்கிட்டேதானே இத்தனை நாள் எழுந்திரிச்சேன். நாளைக்கு நான் எதுக்கு எழுந்திரிக்கறது?"

தராசு அவரைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு உள்ளே போனார்.

ஓட்டுநருக்கு விஷயம் அதற்குள் எட்டியிருந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். "கும்பிடறேன் மேடம். நான் சொன்னது நிஜம்னு ஆயிடுச்சு. கிழவன், கை, எல்லாம். உயிரைக் கொடுத்தீங்க."

தராசு பையில் இருந்து அந்தக் காதடைப்பானை எடுத்துக் கம்பிக்கு ஊடே நீட்டினார். நீட்டாமல் இருந்திருக்கலாம். ஆனால் நாளைக்குக் கோர்ட்டில், வக்கீல் இதைத்தான் முதலில் தூக்கிக் காட்டப்போகிறார். அங்கே கூட்டத்தின் நடுவில் தெரிந்துகொள்வதற்கு, இங்கேயே தெரிந்துகொள்ளட்டும் என்று எடை போட்டிருந்தார்.

அவன் வாங்கிக்கொண்டான். தன் பையில் இருந்ததையும் எடுத்தான். இரண்டு ஜோடியையும் ஒரே உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான்.

"இது எங்க இருந்துச்சு?"

"சலூன் ஆணியில."

"அப்ப அவ காதுல..."

"இல்லை."

"தரை?"

"எலி தின்னுருச்சு. நல்லா அதிர்ந்திருக்கு."

"நான் வர்றது அவளுக்குத் தெரியும்." அவன் அதைக் கேள்வியாகக் கேட்கவில்லை. கேள்வி அதற்கப்புறம்தான் வந்தது. "ஹார்ன்? மூணுமா?"

தராசின் தலை சாய்ந்தது. காப்பீட்டுக் கம்பெனியில் எத்தனையோ பேரிடம் எத்தனையோ சாவைச் சொன்னவர். ஒரு பொய்யை இந்தப் பக்கத் தட்டில் வைத்துப் பார்த்தார். தாங்கவில்லை. தலை நேரானது.

"மூணும்."

அவன் கம்பியை விட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் போய் உட்கார்ந்தான். இரண்டு காதடைப்பான்களில் எதையும் போட்டுக்கொள்ளவில்லை. வெளியே எங்கோ ஒரு வண்டி கூவிக்கொண்டு போனது.

தெருவுக்கு வந்ததும் சில்லறை விளம்பரப் புத்தகத்தைக் கிழித்துக் குப்பைத்தொட்டியில் போட்டான். ஏதாவது சொல்வான் என்று தராசு காத்திருந்தார். வாயைத் திறந்தான். கணக்குத்தான் வந்தது, ஏலக்கடையில் கடை சாத்தும்போது சொல்கிற அதே குரலில்.

"ஹார்ன் மூணு தரம். கேட்ட வீடு இருபத்து மூணு. கேட்டுக்கிட்டே செத்தவ ஒருத்தி. கேட்டேன்னு சொன்ன வீடு ஒண்ணு, அதுவும் கொன்னவன் வீடு. பாக்கி இருபத்திரண்டு."